உப்புக் காணாத தோல்

லோம்,
ஜூன் 11

விஹ்ராவுக்கு லூபென் எழுதுவது.

குழந்தை நலம். வீடு இருந்த இடத்தில் இருக்கிறது. டான்யூபில் வெள்ளம் வடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் நலம் விசாரிக்கத் தொடங்கி, வழக்கம்போலச் சண்டையில் முடித்தோம். விட்டுப்போனதை எழுதுகிறேன். கடிதத்தில் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிட முடியாது. நம் இருவருக்கும் அது நல்லது.

முதலில் பில்யானாவின் தோல். நீ கேட்டதே அதை மட்டும்தான்.

முழங்கை மடிப்புகளில் கரப்பான் ஏறக்குறைய ஆறிவிட்டது. இடது முழங்காலுக்குப் பின்னால் இன்னும் சிவப்பு இருக்கிறது, வெடிப்பு இல்லை. கழுத்து மடிப்பில் வியர்வை தேங்குகிற இடத்தில் வேர்க்குரு. ஆற்றங்கரைப் பாப்ளார் மரங்கள் பஞ்சு பறக்கவிடும் காலம் இது. அந்தப் பஞ்சு அவள் கன்னத்தில் ஒட்டினால் உடனே அங்கே ஒரு தடிப்பு எழும்புகிறது. அதனால் காற்று அடங்கும்வரை சன்னல்களைத் திறப்பதில்லை. வெளியே போய் வந்தால் முகத்தையும் கைகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்கிறேன்.

நீ சொன்னபடியே குளிப்பாட்டுகிறேன் என்று எழுதினால் உனக்குத் திருப்தியாக இருக்கும். உண்மை என்னவென்றால், நீ சொன்னதைவிட நன்றாகச் செய்கிறேன். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது. ஆகவே முதலில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சூட்டை முழங்கையால் பார்க்கிறேன். சோப்பு அக்குளுக்கும் இடுப்புக்குக் கீழும் மட்டும். எவ்வளவு அழுதாலும் தொட்டியில் நெடுநேரம் விளையாட விடுவதில்லை. துண்டால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் முழுதும் காய்வதற்குள் களிம்பைப் பூசிவிடுகிறேன். சட்டைக் கழுத்தில் கம்பெனிப் பெயர் தைத்த துணிகளை எல்லாம் பிளேடால் பிரித்து எடுத்தாயிற்று. தையல் உறுத்துவதால் உள்சட்டையை உட்புறம் வெளியே வரும்படி மாற்றிப் போடுகிறேன். தக்காளி தின்றால் அவளுக்கு வாயைச் சுற்றிச் சிவந்துவிடுகிறது. தக்காளி இல்லாமல் நம் ஊரில் ஒரு கோடையைக் கடத்த முடியுமா? சாப்பாட்டுக்கு முன்னால் உதட்டைச் சுற்றி வாஸ்லின் தடவிவிடுகிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இத்தனை வருஷம் வேதியியல் கற்பித்தவனுக்கு இதுகூடத் தோன்றாவிட்டால் எப்படி.

பள்ளியைப் பற்றி நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். தலைமை ஆசிரியர் நாற்காலியில் காமென் உட்கார்ந்துவிட்டான். ஆமாம், உடற்பயிற்சி வாத்தியார் காமென்தான். மேசைமேல் விசிலை வைத்துக்கொண்டு என்னிடம் ஆசிரியர் பற்றாக்குறை பற்றிப் பேசினான். வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். அவன் மாமனார் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இருப்பதை நான் அந்த வாழ்த்தில் சேர்க்கவில்லை. அதை மனதில் தனியாக வைத்திருக்கிறேன்.

இப்போது நோட்டரி விஷயம். செப்டம்பரில் அங்கே ஜெர்மனியில் மழலைப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, ஆகஸ்ட் கடைசியில் வந்து குழந்தையைக் கூட்டிப்போகிறேன், அதற்குள் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வையுங்கள் என்கிறாய். சாமான் எடுத்துவைக்கச் சொல்வதுபோலச் சொல்கிறாய். தகப்பன் நோட்டரி முன்னால் கையெழுத்திடாமல் எந்தத் தாயும் குழந்தையை எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. இந்த நாட்டின் சட்டம் என் பக்கம் நிற்கிற ஒரே இடம் இதுதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. நான் நோட்டரியிடம் போகப்போவதில்லை.

போன இலையுதிர் காலத்தில் நீ போனாய். எட்டு வயது வந்தாலும் குழந்தை குழந்தைதான் என்று உன் அப்பா சொல்வார். இவளுக்கு அப்போது ஒன்றரை வயதுகூட நிறையவில்லை. ஜெர்மன் கிழவர்களின் முதுகுப் புண்ணுக்கு மருந்து போட உன்னைக் கூப்பிட்டார்கள், போனாய். நான் தடுக்கவில்லை. எனக்கும் அங்கே கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை பார்த்து வைத்தாய். நான் வரவில்லை. அவரவர் முடிவு. ஆனால் அந்த மாதங்களில் இந்தத் தோலுக்குக் காவல் இருந்தவன் நான். எந்த இடத்தில் எந்த நிறம் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அரிப்பெடுத்தால் அவள் "அய்க்கி" என்கிறாள். அந்தச் சொல் அவள் வாயில் பிறந்தபோது நீ இங்கே இல்லை.

போன கடிதத்தில் நீ எழுதிய ஒரு வரியை இங்கே திரும்ப எழுதுகிறேன், நீ மறந்திருக்கலாம் என்பதால்: "உங்க அக்கா கை அவ தோல்மேல படக்கூடாது." ஸ்லாத்கா அக்காவைத்தான் சொல்கிறாய். அக்கா நேற்று வந்திருந்தாள். பில்யானாவின் முழங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு வழக்கமான பாட்டைப் பாடினாள். "பொறந்த வாரமே உப்பு தேச்சுக் குளிப்பாட்டியிருந்தா இந்தக் கரப்பான் கிட்ட வருமாடா? உன் பொண்டாட்டி நர்ஸ் படிப்புப் படிச்சவ, விடமாட்டேன்னுட்டா. உப்பு போடாத கறி என்னாகும்? அதான் ஆகுது." தன் மூன்று பிள்ளைகளுக்கும் தேய்த்தாளாம், மூன்றும் கருங்கல் மாதிரி இருக்கின்றனவாம். மூன்றின் மூளையும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. "அக்கா, விடுக்கா" என்று சொல்லி காப்பி போட்டுக் கொடுத்தேன். உன் வரியையும் அவளுக்குச் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை, இந்த வாரம் ஆள் ஏற்றிக்கொண்டு அங்கே வரும் ஃபில்ச்சோவின் வேனில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே மிளகாய்ச் சட்னி ஜாடிகள் மூன்று. ஃபில்ச்சோ வழக்கம்போல வாயைத் திறந்தான். "வாத்தியாரே, பொண்டாட்டி அங்க, ஜாடி இங்க, நடுவுல நான் நாயா அலையறேன். பேசாம நீங்களே ஏறி ஒக்காருங்க, ஜாடிய மடியில வச்சுக்கலாம்." வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிரீஸ் படாமல் கடிதத்தை வை என்று மட்டும் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கிழவர்களைத் தனியாகத் தூக்காதே, இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
லூபென்


லோம்,
ஜூலை 22

விஹ்ராவுக்கு,

குழந்தை தேறி வருகிறாள். நான் இருக்கிறேன்.

கடுமையான வெயில். நாய்கள்கூட ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கின்றன. வேர்க்குரு முதுகு முழுவதும் பரவியிருந்தது. இப்போது பரவவில்லை. தோலில் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது. மினேவா டாக்டர் பார்த்தார். மருந்து மாற்றியிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காததற்குக் காரணம், நாங்கள் வீட்டில் இல்லை. வரும் ஞாயிறும் கூப்பிட வேண்டாம். அவள் பகலில் அதிகம் தூங்குகிறாள், மணி அடித்தால் விழித்துக்கொள்வாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உன் வேலையில் இதெல்லாம் பார்த்திருப்பாய். தோல் உரிந்த இடத்தில் புதுத் தோல் வரும்போது பழைய களிம்பையே பூசலாமா, அல்லது முழுதும் மூடும்வரை வெறும் வாஸ்லின் மட்டும் போதுமா? டாக்டர் ஒன்று சொன்னார், மருந்துக்கடைப் பெண் இன்னொன்று சொல்கிறாள். உனக்குத் தெரிந்தால் ஃபில்ச்சோவிடம் எழுதிக் கொடுத்தனுப்பு. அவசரம் ஒன்றும் இல்லை. முடிந்தால் இந்த வாரமே.

குளிக்க அழுகிறாள். தொட்டியைக் கண்டால் காலை மடக்கிக்கொள்கிறாள். எல்லாக் குழந்தைகளும் ஒரு பருவத்தில் அப்படித்தான் என்று படித்திருக்கிறேன்.

நோட்டரியிடம் போகவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. வக்கீலைப் பார்த்ததாக எழுதியிருந்ததையும் படித்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

லூபென்


லோம்,
ஆகஸ்ட் 14

விஹ்ராவுக்கு லூபென் எழுதுவது.

பில்யானாவின் தோல் ஆறிவிட்டது. முதலில் அதை எழுதிவிட்டேன், ஏனென்றால் மீதியைப் படிக்கும்போது உனக்கு அந்த வரி தேவைப்படும். முதுகில் புதுத் தோல் முழுதும் மூடியிருக்கிறது. கால்களில் நிறம் மட்டும் கொஞ்சம் வேறுபடுகிறது. குளிர்காலத்துக்குள் அதுவும் மறையும் என்கிறார் மினேவா டாக்டர். தழும்பு இருக்காதாம்.

ஜூலையில் நான் எழுதிய கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்து நீ புரிந்துகொள்ளக் கூடாது என்றே எழுதினேன். இப்போது புரியும்படி எழுதுகிறேன்.

ஃபில்ச்சோ உன் கடிதத்தைக் கொண்டுவந்த அன்று அக்கா இங்கே இருந்தாள். பில்யானா வேர்க்குருவைச் சொறிந்து சொறிந்து முதுகிலும் தொடையிலும் தோலைக் கீறிவிட்டிருந்தாள். கையில் காலுறை மாட்டிவிட்டால் பல்லால் கழற்றிவிடுகிறாள். முற்றத்தில் திராட்சைக் கொடியின் நிழலில் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். கடிதத்தை நின்றபடியே படித்தேன். வக்கீலைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். நான் குழந்தையை வைத்திருக்கத் தகுதியில்லாதவன் என்று நிரூபிக்கலாம் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். உப்பாலும் எச்சிலாலும் வைத்தியம் பார்க்கும் வீட்டில் என் மகள் வளரக்கூடாது என்று முடித்திருந்தாய்.

அக்கா "என்னடா எழுதியிருக்கா, மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள். படித்துக் காட்டினேன்.

"உப்பும் எச்சிலுமா? அந்த உப்பும் எச்சிலும்தான்டா உன்னை வளர்த்துச்சு" என்றாள். பிறகு குழந்தையின் முதுகைப் பார்த்தாள். "அவ க்ரீம் போட்டு என்னத்தக் கிழிச்சுது? வருஷக்கணக்கா தடவுற. நாளைக்குக் கோர்ட்ல வந்து, பாருங்க, தகப்பன் வச்சிருக்கிற லட்சணம்னு இதே முதுகைத்தான் காட்டப்போறா. ஒரே ஒரு தடவை தேச்சு விடறேன். அப்புறம் வியர்வையும் கிடையாது, குருவும் கிடையாது." நான் தலையை ஆட்டவில்லை. அவள் விடவில்லை. "நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா? உன் வீட்டுல, உன் பிள்ளைக்கு, ஒரு பிடி உப்பு போட ஜெர்மனிக்காரன்கிட்ட முத்திரை வாங்கணுமா?"

நான் "சரி, செய்" என்றேன்.

அக்கா ஏமாற்றிச் செய்துவிட்டாள் என்றோ, நான் கடைக்குப் போயிருந்தபோது நடந்தது என்றோ எழுத வசதியாக இருந்திருக்கும். நீயும் நம்பியிருப்பாய்; அக்காவைப் பற்றி நீ எதையும் நம்புவாய். நான் அங்கேயே இருந்தேன். தொட்டியை நான்தான் தூக்கிவந்து வைத்தேன். உப்பை அக்கா உரலில் மாவாக இடித்தாள். குழந்தையின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டவன் நான். அக்கா, "வேர்க்காம, நாறாம, எல்லாருக்கும் பிரியமா இரும்மா" என்று வாழ்த்தைச் சொல்லிக்கொண்டே தோளிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள்.

வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் வெள்ளரிக்காயை வெட்டி உப்பைத் தூவி மேசைமேல் வைப்பேன். மணி அடிப்பதற்குள் தட்டில் தண்ணீர் நிற்கும். உப்பு உள்ளேயிருப்பதை எப்படி வெளியே இழுக்கிறது என்று பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள். கீறின தோலில் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று உலகத்தில் யாரும் சொல்ல முடியாது. தெரிந்தேதான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் கையில் இருந்தது பில்யானா அல்ல, உன் கடிதம்.

அவளுக்கு அரிப்புக்கு ஒரு சொல் இருக்கிறது. இதற்கு அவளிடம் சொல் இல்லை. "அப்பா" என்றாள். கத்தவில்லை, முதலில் கூப்பிட்டாள். அக்காவிடமிருந்து தப்பிக்க என் சட்டையைப் பிடித்து மேலே ஏறப் பார்த்தாள். பிறகுதான் கத்தினாள்.

உடனே நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். அக்கா முதுகை முடித்துத் தொடைக்கு வந்த பிறகே நிறுத்தினேன். "போதும்" என்றது குழந்தையின் கத்தலில் அவளுக்குக் கேட்கவில்லை, "விடுக்கா!" என்று கத்தியபோதுதான் அவள் கையை எடுத்தாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் இருந்தது. எல்லாவற்றையும் அவள்மேல் ஊற்றினேன். தீர்ந்ததும் சுண்ணாம்புத் தண்ணீரையே குழாயிலிருந்து பிடித்து ஊற்றினேன். வேகவைத்த நண்டின் நிறத்தில் இருந்தாள். ஈரத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மினேவா டாக்டர் வீட்டுக்கு ஓடினேன்.

டாக்டர் தன் காரிலேயே மாவட்ட மருத்துவமனைக்கு எங்களைக் கொண்டுபோனார். தோல் வழியாக உப்பு ரத்தத்துக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். போயிருந்தது. நிறையப் போகவில்லை. டிரிப்ஸ் ஏற்றி, அளவு இறங்கும்வரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நீ போன் செய்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கேதான் இருந்தோம்.

ஆபத்து நீங்கிய பிறகுதான் டாக்டர் பேசினார். "லூபென், பச்சைக் குழந்தைக்கு உப்பு தேச்சு அது நீலமாகி வந்ததை நான் பார்த்திருக்கேன். அந்தக் காலத்துல செத்துப்போன பிள்ளைங்களுக்கெல்லாம் கண்ணுபட்டுச்சுன்னு சொல்லிப் புதைச்சாங்க. அவங்களுக்குத் தெரியாது, மன்னிச்சிடலாம். உங்களுக்கு என்ன?" எனக்குப் பதில் இருந்தது. வெயில், தூக்கமின்மை, உன் கடிதம், காமென், அக்காவின் நாக்கு எல்லாம் அதில் இருந்தன. எதையும் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் காது வலிக்காகச் சேர்த்திருந்த ஒரு பையனின் தாய், பில்யானாவின் முதுகைப் பார்த்துவிட்டு அனுதாபமாகக் கேட்டாள். "மாமியார் வேலையா?" என்றாள். "இல்லம்மா, நான்தான்" என்றேன். "அய்யோ, நீங்க ஏன் பழியைத் தூக்கிக்கிறீங்க? ஆம்பளைக்கு இதெல்லாம் எங்க தெரியும்" என்றாள். நான்தான் பிடித்துக்கொண்டேன் என்று மறுபடியும் சொன்னேன். அதன்பின் அவள் தன் நாற்காலியைக் கட்டிலின் அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

அக்கா ஒரு கோழியை வேகவைத்து எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்தாள். வார்டுக்குள் விடவில்லை. வாசலில் நின்று அழுதாள். "என் மூணுக்கும் செஞ்சேனேடா, ஒண்ணும் ஆகலையேடா" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு கீழே போனேன். எனக்கு அது கைவந்த கலை. என் சொந்த சித்தப்பாவோடு அவர் சாகும்வரை பேசாமல் இருந்தவன். ஆனால் இந்தத் தடவை அந்த முடிவு நிலைக்கவில்லை. "செய்" என்று சொன்ன வாய் என்னுடையது. கோழியை வாங்கிக்கொண்டேன். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து தின்றோம். "விஹ்ராவுக்குச் சொல்லிட்டியா?" என்றாள். "இல்லை" என்றேன். "சொல்லாத, உயிரை எடுத்துருவா" என்றாள். பிறகு எலும்பைக் காகிதத்தில் மடித்தபடி, "சொல்லிடு" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பில்யானா தொட்டியின் பக்கமே வருவதில்லை. அதைக் கொட்டகையில் போட்டுவிட்டேன். சமையலறை மேசைமேல் பிளாஸ்டிக் துணியை விரித்து, அதில் உட்காரவைத்து, குவளையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறேன். முதலில் என் கையில் ஊற்றிக் காட்ட வேண்டும். பிறகு அவள் குவளையை வாங்கி என் தலையில் ஊற்றுவாள். அது முடிந்தால்தான் அவள் முறை. நான் தினமும் முழுதாக நனைகிறேன்.

நான் எதிர்பார்த்தது வேறு. என்னைக் கண்டால் ஒதுங்குவாள், கையைத் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். மருத்துவமனையிலேயே, டிரிப்ஸ் குழாயோடு, இரண்டு கைகளையும் என்னை நோக்கித்தான் நீட்டினாள். களிம்பு போட வந்தால் தானே திரும்பி முதுகைக் காட்டுகிறாள். இந்த வயதில் ஞாபகம் நிற்காது, கவலைப்படாதீர்கள் என்றார் டாக்டர். அவளுக்கு நிற்காது. எனக்கு ஞாபக சக்தி அதிகம் என்று நீயே பல தடவை சொல்லியிருக்கிறாய்.

நேற்று நோட்டரியிடம் போனேன். கோடை விடுமுறைக்கா, ஒரு வருஷத்துக்கா, எந்தத் தேதிவரை போடுவது என்று கேட்டார். அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வாத்தியாரே, வீட்ல ஏதாவது சண்டையா? கோபத்துல வந்து கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த வாரம் அழுதுட்டு வர்றவங்களை நான் நிறையப் பாத்துட்டேன்." கோபத்தில் வரவில்லை என்றேன். கோபத்தில் இருந்தவரை வராமல்தான் இருந்தேன். அதை அவரிடம் விளக்கவில்லை. பத்திரம் என்னிடம் இருக்கிறது. நீ வந்ததும் தருகிறேன்.

வக்கீலுக்கு இனி வேலை இருக்காது. ஆனாலும் வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டலாம். தேதி போட்டிருக்கிறேன், கீழே கையெழுத்தும் இருக்கும். எதையும் மறுக்க மாட்டேன்.

நீ வரும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஃபில்ச்சோவின் வேனில் குளிர்சாதனம் வேலை செய்யாது. அவன் செய்யும் என்பான், நம்பாதே. ரயிலில் கூட்டிப்போ. இருக்கையின் துணி அவள் தொடைக்கு ஆகாது, கீழே பருத்தி விரிப்பைப் போடு. புது உடைகளை இரண்டு முறை அலசாமல் போடாதே. அங்கே குளிர் தொடங்கினால் கம்பளிச் சட்டைக்கு உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை கட்டாயம். அறையில் கணப்பு மூட்டினால் காற்று வறளும், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வை. மழலைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அவள் கையைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும் நோய் என்று சொன்னால், ஆசிரியையிடம் அன்றைக்கே பேசு. அடுத்த நாளுக்குத் தள்ளாதே. நகத்தை ஓரத்தில் கூராக விடாதே. அவள் "அய்க்கி" என்று சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடு.

மத்தியானம் தூங்கப்போகும்போது முதுகைச் சொறியச் சொல்வாள். நகம் படாமல் உள்ளங்கையால் தடவ வேண்டும். தடவும்போது ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், குரல் நின்றால் கண்ணைத் திறந்துவிடுவாள். எனக்குப் பாட்டு வராது. தனிமங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வேன். ஆக்சிஜன் வருவதற்குள் தூங்கிவிடுவாள். நீ உனக்குத் தெரிந்ததைச் சொல்.

நீ எப்போது வருகிறாய் என்று எழுது. நான் வீட்டில்தான் இருப்பேன். பேச விருப்பமில்லை என்றால் பேச வேண்டாம், அவள் சாமான்களைக் கட்டி வாசலிலேயே வைத்திருப்பேன்.

அவளுக்குச் சீக்கிரம் ஆறும் தோல் வாய்க்கட்டும். போன பிறகு, மாதம் ஒரு முறையாவது, அந்த இடது முழங்கால் மடிப்பு எப்படி இருக்கிறது என்று எழுது. வேறெதையும் எழுத வேண்டியதில்லை. அதை மட்டும் விட்டுவிடாதே.

லூபென்